கதவில் சிக்கிய மின்நிலையம்

பூங்கொடியைப் பற்றிக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே எழுதப் போகிறேன். நம் பத்தாம் வகுப்பில் அவளை அறியாதவர் இல்லை. பொய் எழுதினால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சென்ற மாதம் காலை வழிபாட்டில், மஞ்சள் காமாலையில் அவள் இறந்துவிட்டாள் என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. அறிவியல் கண்காட்சிக்கு நானும் அவளும் செய்த மாதிரியின் மறுமுனையை இனி யார் பிடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அது பூமியைச் சுற்றிவரும் மின்நிலையம். அநேகமாக இரவே இல்லாத உயரத்தில் வெயிலை மின்சாரமாக்கி, அலைகளாகக் கீழே அனுப்பும். தன் ஊரான தொண்டாமுத்தூரிலிருந்து அவள் கொண்டுவந்த தென்னை ஈர்க்குகளில் சட்டம், மேலே வெள்ளித்தாள். பசை போட்டு ஒட்டி ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் வளர்த்தோம். வெளியே தூக்கும்போது வகுப்பறைக் கதவில் சிக்கிக்கொண்டது. நீங்களெல்லாம் சிரித்தீர்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

"ஏனுங்க விஞ்ஞானி, ராக்கெட்டுக்குள்ள மட்டும் இது முழுசா போயிருமாக்கும்?"

அன்றே எல்லாவற்றையும் வெட்டிப் பிரித்தோம். துண்டு துண்டாகக் கொண்டுபோய் மேலேயே கட்டுவதுதான் வழி என்று அப்போதுதான் உறைத்தது. "பசை வேண்டாங் கண்ணு. மாடு கட்டற முடிச்சுப் போடு. கெட்டியா நிக்கும், ஒரே இழுப்புல அவுந்துக்கும்" என்றாள். பொறுமை அவளுக்குக் கிடையாது. என் முடிச்சு நழுவினால், "இந்நேரம் மாடு அன்னூரு போய்ச் சேந்திருக்கும்" என்பாள்.

நேற்று சிங்காநல்லூரில் கண்காட்சி. ஈர்க்குக் கட்டுடன் தனியாகப் பஸ் ஏறினேன். நடுவர் முன்னால் ஒரு முனையைக் கட்டுவதற்குள் மறுமுனை சாய்ந்தது. இரண்டாம் முறையும் சாய்ந்தது. பார்க்க வந்திருந்த அவளுடைய அப்பா எழுந்து வந்தார்.

"நான் புடிச்சுக்கறேன் அம்மணி. நீ கட்டு."

"இவ்வளவு பெரிதாக வானத்தில் கட்டி என்ன பயன்?" என்றார் நடுவர். மனப்பாடம் செய்திருந்த பதிலை விட்டுவிட்டு, பூங்கொடி சொல்வதைச் சொன்னேன்: "'கரண்டு எப்ப வரும், மோட்டார் எப்ப போடறதுன்னு எங்கப்பா முழிச்சுக் கெடக்க வேண்டாம்' என்பாள், சார்."

அவளுடைய அப்பா தலை நிமிரவில்லை. பிடித்த பிடியையும் விடவில்லை.

அவளிடமிருந்து எனக்கு வந்தது அந்த முடிச்சு. நேற்று ஒன்றுகூட நழுவவில்லை.

நிலையத்துக்குக் கீழே, தொண்டாமுத்தூர் என்று எழுதிய இடத்தில் ஒரு சின்னப் பல்பு. அது பேட்டரியில்தான் எரிகிறது. அதையும் நடுவரிடம் மறைக்கவில்லை. "எரிவதே தெரியவில்லையே" என்றார் அவர். அது தெரிவதற்காக மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள்.