நாலாம் துண்டின் அதிசயம்

ஊசிப்பாறைத் தோட்டத்தில் சின்னராசாவுக்கு ‘ஆராய்ச்சி’ என்று பட்டப்பெயர் வந்ததற்கு முழுக் காரணமும் கருவாடுதான். தலவாக்கலைக் கடையில் கருவாடு வாங்கினால் பழைய பத்திரிகையில் சுற்றித் தருவார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்த சின்னராசா, கருவாட்டை மனைவி நாகலெட்சுமியிடம் கொடுத்துவிட்டுக் காகிதத்தைத் தான் வைத்துக்கொள்வார். நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக இரத்தத்தை ஓடவிடும் இயந்திரம், சீனிக்கட்டியில் சொட்டுவிட்டுக் கொடுக்கும் இளம்பிள்ளைவாத மருந்து, கார் செய்யும் தொழிற்சாலையில் சூட்டு இரும்பைத் தூக்கி வைக்கும் இரும்புக் கை, எல்லாம் அந்தக் காகிதங்களில் இருந்தன. செய்திகள் ஆறு மாதம் பழையவை. பாதி கிழிந்தும் போயிருக்கும். மீதிப் பாதியை அவரே இட்டுக்கட்டிக்கொள்வார்.

இரும்புக் கையைப் பற்றிய செய்தி, “அந்தக் கையானது” என்ற இடத்தில் எண்ணெய்க் கறையில் முடிந்திருந்தது. அந்தக் கை சோறு பிசையும், பிள்ளைக்குத் தலை பின்னும் என்று தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் சின்னராசா சொல்லி முடித்தார்.

“கொழுந்து எடுக்குமாண்ணே?” என்று வீரம்மா கேட்டாள்.

“இன்னும் ரெண்டு மாசத்துல எடுத்துரும்” என்றார் அவர்.

அன்றைக்கு அந்த லயத்தில் பாதிப் பெண்களுக்குச் சோறு இறங்கவில்லை. பிற்காலத்தில் இதைச் சொல்லும்போது முதலில் சிரிப்பவர் சின்னராசாதான். “எனக்குத் தெரிஞ்சதே பாதி, அதுலயும் கருவாட்டு வாட” என்பார்.

ரஷ்யாக்காரன் ஒருவன் வானத்தைச் சுற்றி வந்தானே, அதற்கு இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்துக்கு உண்மையான ஆராய்ச்சி வந்துவிட்டது. கொழும்பிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் ஜீப்பில் வந்து, கீழ்ப் பிரிவின் ஒரு மலையை ஆறு துண்டாகப் பிரித்து முளையடித்தார். ஐந்து துண்டுக்கு வெவ்வேறு அளவில் உரம். நாலாம் துண்டுக்கு மட்டும் ஒரு பிடிகூடக் கிடையாது. உரம் போடாவிட்டால் எவ்வளவு குறையும் என்று தெரிந்தால்தான் போட்டதால் எவ்வளவு கூடியது என்று தெரியும். துண்டுக்கு ஒரு பெண். கை மாறினால் நிறை மாறும் என்பதால் ஆள் மாறக்கூடாது. வாரத்தில் இரண்டு நாள் அந்த ஆறு பேரும் அங்கே கொழுந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு கூடையையும் தனியாக நிறுத்து எழுத எழுத்துத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. தோட்டமே சின்னராசாவைக் காட்டியது.

அவர் நடையே மாறிப்போயிற்று. காதில் பென்சில் செருகாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகமாட்டார். தராசைத் தொடுமுன் கையைக் கழுவுவார். அந்தத் தராசில் நிறுத்ததெல்லாம் பச்சைக் கொழுந்துதான். ஆனாலும் வைத்தியசாலையில் அறுவை செய்யப் போகிறவர்போல விரல்களை உதறிக் காயவைப்பார்.

நாலாம் துண்டு காளியாயிக்கு விழுந்தது. புருஷனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். முதல் துண்டில் நாகலெட்சுமி. முதல் வருடம் நாலாம் துண்டில் நிறை மெல்ல இறங்கியது. எதிர்பார்த்ததுதான். இரண்டாம் வருடம் இறங்குவது நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. மற்றத் துண்டுகளுக்குச் சமமாக வந்து நின்றுவிட்டது. உரமில்லாத செடி, உரம் தின்ற செடிக்குச் சமமாகக் கொழுந்து தந்தது.

கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சி ஐயா தலையைச் சொறிந்தார். சின்னராசாவுக்கோ தலைகால் புரியவில்லை. இந்த அதிசயத்தை முதலில் தராசில் கண்டவர் அவர்தானே. அந்த நேரம் பார்த்துக் கருவாட்டுக் காகிதம் ஒன்று கைகொடுத்தது. அரைவயிற்றுக்குத் தீனி போட்டு வளர்த்த எலிகள் நெடுநாள் உயிரோடு இருந்தனவாம்.

“செடியும் எலி மாதிரிதாங்க ஐயா” என்று விளக்கினார். “பட்டினி போட்டா வேரு சுறுசுறுப்பாயிருது.”

ஐயா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதினாரா, வெறுமனே பென்சிலை ஓட்டினாரா என்பது இன்றுவரை சின்னராசாவுக்கு நிச்சயமில்லை. நாலாம் துண்டின் மண்ணை மட்டும் ஆறு போத்தலில் அள்ளிக்கொண்டு போனார். சின்னராசா லயத்துக்கு வந்து, தன் பெயர் லண்டன்வரை போகிறது என்று அறிவித்தார். நாகலெட்சுமி அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை.

வேரின் சுறுசுறுப்பை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. மண்புழுவாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். மாலை நிறுவைக்குச் சற்று முன்னால், லேசான தூறலில், நாலாம் துண்டின் மேல் ஓரத்துக்குப் போய் ஒரு தேயிலைத் தூருக்கடியில் குந்திக்கொண்டு விரலால் மண்ணைக் கிளறினார். இரண்டு புழு கிடைத்தது. மூன்றாவதைத் தேடும்போது பேச்சுக்குரல் கேட்டது. பெண்கள் கூடையோடு நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதையோரத்தில் காளியாயி நின்றாள். அவள் கூடையில் கொழுந்து பாதிக்குக் கீழே கிடந்தது.

வீரம்மா பேச்சை நிறுத்தாமல், தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி காளியாயியின் கூடையில் போட்டுவிட்டு நடந்தாள். அடுத்தவளும் போட்டாள். அதற்கடுத்தவளும் போட்டாள். ஒருத்திகூட நிற்கவில்லை, ஒருத்தியும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. கடைசியாக வந்த நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்து நாலு கை நிறைய அள்ளிப் போட்டாள். பிறகு எல்லோருமாக இறங்கிப் போனார்கள்.

சின்னராசா இரண்டு புழுவோடு தூருக்கடியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கும், காய்ச்சல்காரிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் மற்றவர்கள் தங்கள் கூடையிலிருந்து கைக்கொழுந்து போட்டு, ஒரு நாள் வேலைக் கணக்கான ‘பேரை’ நிரப்பிக் கொடுப்பது தோட்டம் முழுக்க உள்ள வழக்கம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும்தான் தெரியும். காதில் பென்சில் ஏறியதிலிருந்து நினைவில்லாமல் போயிருந்தது. லண்டனுக்கே அதிசயம் காட்டப் புறப்பட்டது இந்தப் பெண்களின் இரக்கத்தைத்தான் என்பது அப்போது உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் கணக்குப்பிள்ளை ஒரு செய்தி சொன்னார். நாலாம் துண்டின் கதை தோட்டத்தை நடத்தும் தொரையின் காதுக்குப் போய்விட்டது. அடுத்த மாதத்திலிருந்து கீழ்ப் பிரிவு முழுவதற்கும் உரம் நிறுத்தம். சின்னராசா கணக்குப் போட்டுப் பார்த்தார். பிரிவு முழுக்கக் கொழுந்து குறைந்துவிட்டால் யார் யாருக்குக் கைக்கொழுந்து போடுவது?

மாலையில் மனைவியிடம் சொன்னார்.

“நாலாந் துண்டுல நீங்க போட்டதையெல்லாம் நா பாத்தேன்.”

“போட்டோம்” என்றாள் நாகலெட்சுமி. “பட்டினிச் செடியக் குடுத்துட்டு ராத்தல் காட்டுன்னா அவ எங்க போவா? செடி காயுறது அவ குத்தமா?”

“அது ஆராய்ச்சியக் கெடுத்திருச்சு புள்ள.”

“எங்களுக்கு என்னத்தத் தெரியும்? நீங்கதான எலிக்கதையெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க.”

உரம் நிறுத்துவதை அவர் விளக்கினார். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்ப எல்லாருக்குமே அரப்பேருதானா?”

“ஒரே வருசத்துல வந்துரும்.”

“அப்பச் சொல்லித்தான ஆகணும்.”

“சொன்னா ஒங்க ஆறு பேரையும் புடிப்பாங்க. காளியாயியத்தான் மொதல்ல நிப்பாட்டுவாங்க.”

நாகலெட்சுமி அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள். சின்னராசா பெட்டியைத் திறந்து, சேர்த்து வைத்திருந்த காகிதங்களையெல்லாம் புரட்டினார். இதயத்தை நிறுத்தி வைத்து ஓட்டை அடைக்கிறவர்கள், இந்த மாதிரிச் சிக்கலுக்கு ஏதாவது எழுதியிருக்கமாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

புதன்கிழமை ஜீப் வந்தது. சின்னராசா பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

“ஐயா, நாலாந் துண்டு நெற அம்புட்டும் பொய்யிங்க. நாந்தான் கூட்டி எழுதுனேன்.”

ஆராய்ச்சி ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் அப்படிச் செஞ்சே?”

இதற்கு ஒரு பதில் தயார் செய்யாமல் வந்துவிட்டோமே என்று சின்னராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் வந்ததைச் சொன்னார்.

“ஆராய்ச்சி நல்லா வரணும்னுதாங்க.”

அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் ஜீப்பின் விளிம்பில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, இரண்டு வருடத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் நாலாம் துண்டின் பத்தியில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். கைக்கொழுந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சின்னராசா பேசவில்லை. வாழ்நாளில் அவர் நாட்டின் விஞ்ஞானத்துக்குச் செய்த ஒரே தொண்டு அந்தப் பொய்தான் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார்.

உரம் நிற்கவில்லை. தராசு அவர் கையைவிட்டுப் போனது. கானு என்கிற வடிகால் வெட்ட மம்பட்டி வந்தது. கள்ள நிறை போட்டவன் என்று பெயரும் வந்தது. ஆம்பிளைகள் கேலி செய்தார்கள். “ஆராய்ச்சி, கானு எத்தன அடி ஆழம்னு எலியக் கேட்டுச் சொல்லு” என்பார்கள். அவரும் குனிந்து கேட்பதுபோல் நடித்துக் காட்டுவார். வேறென்ன செய்வது?

துண்டு ஆராய்ச்சி மறுபடி முதலிலிருந்து ஆரம்பமானது. அழகன் என்கிற வெளிப்பிரிவு ஆளைத் தராசுக்கு வைத்தார்கள். கூடைகளுக்கு இனிச் சாக்கு மூடி, ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வர வேண்டும். நாலாம் துண்டு இன்னும் பட்டினிதான். காளியாயிக்கு அது வேண்டாம் என்று பெண்கள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். கங்காணி பெரட்டில் நின்று, யார் போறது என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்குமுன் வரிசையிலிருந்து ஒருத்தி வெளியே வந்தாள் என்று சின்னராசா கானு வெட்டும் இடத்தில் கேள்விப்பட்டார். அது யாரென்று, செய்தி கொண்டுவந்தவன் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அன்று மாலை நாகலெட்சுமி தாமதமாக வந்தாள். கூடையைக் கழற்றி மூலையில் சாய்த்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவினாள்.

“எந்தத் துண்டு?” என்றார் சின்னராசா.

“நாலு.”

“எவ்வளவு?”

“அரப்பேரு.” சுண்ணாம்பு விரலை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஒருத்தரும் ஒரு கை போடல. நாந்தான் போடக்கூடாதுன்னு சொன்னேன். போய் ஐயாவ எழுதிக்கச் சொல்லுங்க. ஒங்க ஆராய்ச்சி இன்னைக்குத்தான் சரியா வந்துச்சு.”