உப்புப் பார்த்தவர்கள்

சபை மண்டபத்தில் போதகர் இருந்தார். போதகரம்மா இருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் இருந்தார். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வேலை மாறி பேர்லினுக்கு வந்த இந்தியத் தம்பி இருந்தார். பாட்டுக்குழுப் பெண்கள் மூன்று பேர். வயதான புருசன் பெண்சாதி இரண்டு பேர், எல்லாருக்கும் ஐயாவும் அம்மாவும். குசினியில் நான். அடுப்பில் ஆட்டுக்கறி.

கறி சமைத்த அக்கா மட்டும் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறும் உண்டு. காலையில் சட்டியை என்னிடம் தந்துவிட்டு நின்ற நிலையில் சொன்னார்.

"அண்ணை, மகளுக்குத் தொழில் பழக அவுஸ்பில்டுங் இடம் கிடைச்சா ஒரு ஆட்டுத்தொடை சமைச்சுத் தாறன் எண்டு ஆண்டவருக்குச் சொன்னனான். கிடைச்சிட்டுது. எல்லாருக்கும் ஒரேயளவாய்ப் போகவேணும் எண்டும் சொன்னனான். போன விருந்திலை ஐயாவுக்கும் அம்மாவுக்கும் எலும்புதான் மிஞ்சினது. அப்பிடி நடக்கக்கூடாது. உப்புக்கூடப் பாக்கேல்லை. நான் வந்து பாக்கிறன். ஒருத்தரையும் தொட விடாதேங்கோ."

"ஓம்" என்றேன்.

அன்று பிரசங்கம் அந்தக் காலத்து இஸ்ரவேலைப் பற்றி. சனம் பலி கொண்டுவரும். கடவுளின் பங்கு முதலில். பிறகு ஆசாரியனின் பங்கு. மிச்சம் கொண்டுவந்தவரின் குடும்பத்துக்கு. ஒரு ஆசாரியனின் பிள்ளைகள் இந்த ஒழுங்கை மதிக்கவில்லை. இறைச்சி அவியும்போதே மூன்று பல்லு முள்ளுக்கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, வந்ததை எடுத்துக்கொண்டார்களாம். போதகர் மேசையில் தட்டினார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். குசினிக் கதவு திறந்திருந்தது. நானும் ஆட்டினேன்.

ஆராதனை முடிந்தது. அக்கா வரவில்லை. அன்று ரயில் ஓடவில்லை, மாற்று பஸ்தான்.

முதலில் வந்தவர் மாஸ்டர்.

"மணக்குது. உப்புச் சரியோ?"

"அக்கா வந்து பாப்பாவாம்."

"அவ வந்து பாக்கட்டும். நான் இப்ப பாக்கிறன்."

குசினி லாச்சியில் இருந்த இறைச்சி முள்ளுக்கு இரண்டு பல்லுத்தான். வேலைக்குப் போதுமாய் இருந்தது. மாஸ்டர் ஒரு துண்டு எடுத்தார். கண்ணை மூடி மென்றார். "சரி" என்றார்.

போதகரம்மா வந்தார். உப்பைக் குழம்பில் பார்க்க ஏலாது, இறைச்சியில்தான் பார்க்கவேண்டும் என்றார். பார்த்தார். "சரி."

பாட்டுக்குழு சேர்ந்தே வந்தது. பாட்டுக்கு ஒருநாளும் ஒன்றாய்த் தொடங்காதவர்கள் இதற்கு ஒன்றாய்த் தொடங்கினார்கள்.

தம்பி வந்தார். "அண்ணா, ஜஸ்ட் டேஸ்ட் பண்ணிக்கிறேன்."

"அக்கா வரட்டும்."

"ஐயோ, சின்ன பீஸ்ண்ணா." எடுத்தது சின்னது இல்லை. "சூப்பர்" என்றார்.

கடைசியாகப் போதகர். கதவடியில் நின்று பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் பிரசங்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

"உப்பு..." என்றார்.

முள்ளை நீட்டினேன். போதகருக்கு மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஐயாவும் அம்மாவும் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் கரண்டியை நாக்கில் வைக்கவில்லை.

அக்கா நனைந்துகொண்டு வந்தார். மழை ஜாக்கெட்டைக் கழற்றமுன் மூடியைத் திறந்தார். சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழம்பில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார்.

"கடவுளே! உப்பே போடேல்லை!"

மாஸ்டர் மின்விளக்கை ஆராய்ந்தார். பாட்டுக்குழு பாட்டுப் புத்தகத்தைத் திறந்தது.

"ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

போதகர்தான் முதலில் சிரித்தார். "அக்கா, உப்பைத் தவிர எல்லாத்தையும் பாத்தனாங்கள்."

அக்காவும் சிரித்துவிட்டார். உப்பைப் போட்டுக் கிளறினார். பிறகு கரண்டியை நிமிர்த்திப் பிடித்தார். அப்போது சிரிக்கவில்லை.

"நான் ஆண்டவருக்குச் சொன்னது சொன்னதுதான். முதல் தட்டு ஐயாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு. உப்புப் பாத்தவைக்கு ஒரு துண்டு குறையும். அவையின்ரை ஒண்டு ஏற்கெனவே போயிட்டுது. நியாயமோ, பாஸ்டர்?"

"நியாயம்தான்."

"இது ஓவர்க்கா" என்றார் தம்பி. ஆனாலும் தட்டோடு வரிசையில் நின்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அண்ணை, உங்களைக் காவலுக்கு விட்டுட்டுப் போனன். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"எண்ணினனான்."

"எத்தினை பேர்?"

"ஏழு."