ஹன்னாவின் வாளி

டென்மார்க்கின் பிராண்டேயில் கஜந்தியின் வீட்டுக்குப் பின்னால் புல்தரை இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டு, வெறும் மணலில் இந்த நாட்டுக் காட்டுப்பூக்களை விதைத்தாள். பசளை போடவில்லை. போட்டால் புல் வளர்ந்து பூவை விழுங்கிவிடும். தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பெட்டி மடிக்கிறவள், வந்ததும் தேனீக்களுக்கு நடுவே நிற்பாள். கோடை முடியும்போது விதை கொத்தக் குருவிகள் வரும்.

செப்டம்பரில் செடிகளை வெட்டி அகற்ற வேண்டும். இம்முறை வெட்டியதைக் காயவைத்தாள். பக்கத்து வீட்டு ஹன்னா ஒரு வாளி ஆப்பிள் தந்திருந்தாள். வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கஜந்திக்கு மனம் வரவில்லை. ஹன்னாவிடம் வயதான குதிரை ஒன்று இருந்தது. காய்ந்ததை அமுக்கி நிரப்பிக் கொடுத்தாள், கோட்டுப் பையில் கொண்டுபோன ஒரு பிடியைத் தானே குதிரைக்கு ஊட்டினாள். வாளி மறுபடி ஆப்பிளோடு வந்தது. மூன்று வாரத்தில் ஐந்து வாளி போய்விட்டது.

பிறகு சில்க்போர்க்கில் படிக்கும் மகள் சாரங்கிக்குப் பூக்களின் படங்களை அனுப்பினாள், வெட்டியதைக் குதிரைக்குக் கொடுப்பதையும் எழுதினாள். உடனே தொலைபேசி அடித்தது.

"அம்மா, அந்த மஞ்சள் பூ குதிரைக்கு நஞ்சு. பச்சையா நிண்டா கசக்கும், தொடாது. காஞ்சா தின்னும். ஈரல் போயிடும்."

"அதிலை இருக்கிற வரி வரியான புழு அந்தப் பூவைத்தானே தின்னுது? சாகேல்லையே?"

"குதிரை என்ன புழுவே, அம்மா?"

கணவன் அந்தோனிதாசன் கதவைச் சாத்தினான். "வாயைத் திறக்காதை. சொன்னா உன்னைத்தான் பிடிப்பினம்."

"சொல்லாட்டி?"

"கிழட்டுக் குதிரை. வயசிலை செத்ததெண்டு நினைப்பினம்."

"இன்னும் மிச்சம் வச்சிருந்தா ஹன்னா நாளைக்கும் போடுவா. நான் போறன்."

இந்த நாட்டுக்கு வந்த இருபத்தேழு வருடங்களில் முன்கூட்டியே சொல்லாமல் போய் ஒரு டேனிஷ்காரரின் அழைப்புமணியை அவள் அழுத்தியதில்லை. இப்போது அழுத்தினாள். நடந்ததைச் சொன்னாள். ஹன்னா கத்தவில்லை. கத்தியிருந்தால் கஜந்திக்குப் பயம் குறைந்திருக்கும்.

"நீ தந்ததென்று பார்க்காமலே கொட்டினேன்" என்றாள்.

மிருக வைத்தியர் இரத்தம் எடுத்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, நஞ்சு மாதங்கள் கழித்தும் வேலையைக் காட்டலாம் என்றார்.

தினமும் வேலைக்குப் போகும் முன் கஜந்தி குதிரை நிற்கும் வேலியோரம் காரை நிறுத்தி இறங்குகிறாள். குதிரை தலை நிமிர்த்தும்வரை கிளம்பமாட்டாள். இன்று அது நிமிர்ந்தது. அவளை அடையாளம் கண்டு வேலிக்கே வந்தது. கைகளை முகர்ந்தது, கோட்டுப் பையை முகர்ந்தது, அந்தக் காய்ந்த செடியைத் தேடியது.