மாலை நாரும் லாரி மூடியும்

1. பாலத்தில்

ஆடி மாதக் காற்றில் காவிரி பைபாஸ் பாலத்தின் மேல் குப்பை லாரி போவதைப் பார்த்திருக்கிறீர்களா? கயிறு போட்டு எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பாதிப் பாலத்தில் தார்ப்பாய் பலூன் மாதிரி உப்பும். கயிறு கோத்த வளையம் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் வண்டிக்குள் இருப்பதெல்லாம் பின்னால் வருகிறவர்கள் தலையில்தான்.

ஸ்ரீரங்கத்துக் குப்பையைக் கிடங்குக்கு ஏற்றிப்போகும் ஒரு கம்பெனியில் நான் ஷெட் இன்சார்ஜாக இருந்தேன். வண்டி ஓடவில்லை என்றாலும் என்னைக் கேட்பார்கள், வண்டி யாரையாவது உரசிவிட்டது என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு வந்த போன் வேறு மாதிரி இருந்தது. எங்கள் வண்டியிலிருந்து ஒரு துளசி மாலை பறந்து, ஸ்கூட்டரில் வந்த ஒருவரின் ஹெல்மெட்டில் விழுந்திருக்கிறது. அவர் லாரியை முந்திப்போய் மறித்துவிட்டார்.

"ஏன்யா, உயிரோட இருக்கறவனுக்கே மாலை போடுறீங்களா?"

டிரைவர் காதர் பாய் இறங்கி, கை கூப்பி மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிவைத்தார். பிறகு தார்ப்பாயைத் திரும்பக் கட்ட லோடு மேல் ஏறினார். மேலே எல்லாம் ஈர வாழை இலை. கால் வழுக்கி ரோட்டில் விழுந்தார். முழங்கால் சில்லு உடைந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் படுத்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், அந்த மாலைய அந்த ஆளு திருப்பிக் குடுத்தாரா?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. வண்டி ஓட்டலாம், லோடு மேல் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். க்ளீனர் வைக்கும் வழக்கத்தைக் கம்பெனி எப்போதோ விட்டுவிட்டதால், தார்ப்பாய் கட்டுவது டிரைவர் தலையில்தான் இருந்தது. ஏற முடியாத டிரைவருக்கு எங்களிடம் வண்டி இல்லை.

"வாட்ச்மேனா போட்டுடுங்க மேடம். பாவம்தான், என்ன பண்றது?" என்றார் முதலாளி.

இதை நான் போய்ச் சொன்னபோது பாயின் முகம் சுருங்கிவிட்டது. "கேட்டைத் திறந்து மூடவா நான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன்?" என்றார்.

மறுநாள் முதலாளி அறைக்குள் போனேன். "ஆளை மாத்தாதீங்க சார். மூடியை மாத்துங்க. கீழ நின்னுக்கிட்டே மூடுற மாதிரி எவ்வளவோ வந்திருச்சு" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் உடனே சரி என்றார். என் சத்தத்துக்குப் பயந்து இல்லை. தானாக மூடிக்கொள்ளும் லாரி வீடியோ ஒன்றை அவர் ஏற்கெனவே செல்போனில் பார்த்து வைத்திருந்தார்.

2. துவாக்குடியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது

கோயம்புத்தூரிலிருந்து சேல்ஸ் தம்பி ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பேச்சு. எங்கள் டிப்பர் ஒன்றில், துவாக்குடியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வைத்து, சாம்பிளாக ஒரு செட் மாட்டினார். கேபினுக்குப் பின்னால் மோட்டார் வைத்த உருளை. அதில் வலை சுற்றியிருக்கும். பாடியின் இரண்டு பக்கமும் நீளமான இரும்புக் கைகள். பட்டனை அமுக்கினால் கைகள் முன்னாலிருந்து பின்னால் சாய்ந்து, வலையை இழுத்து லோடு மேல் போர்த்தும். திரும்ப அமுக்கினால் வலை சுருண்டு போய்விடும்.

"மேடம், கேபினை விட்டு இறங்கவே வேண்டாமுங்க. ஒரே பட்டன்" என்றார் தம்பி.

வண்டியில் பாதி மட்டத்துக்கு மணல் போட்டு நிரவி வைத்திருந்தார்கள். வலை அதன் மேல் பாய் விரித்த மாதிரி விழுந்தது. முதலாளி அதைத் திறக்கவும் மூடவும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊன்றுகோலோடு வந்திருந்த காதர் பாயை வரச்சொல்லி அவர் விரலாலும் பட்டனை அமுக்க வைத்தார்.

"பாய், இனிமே நீங்க கார் ஓட்டுற மாதிரி ஓட்டலாம்!"

பாய் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு வெளிச்சம். அதைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அந்த மணல் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"தம்பி, நாங்க மணல் அடிக்கறதில்ல. ஸ்ரீரங்கத்துக் குப்பை மேல இதை மூடிக் காட்டுங்க. புரட்டாசி சனிக்கிழமைக்கு மறுநாள் வாங்க."

"லோடு எதுவா இருந்தா என்னங்க மேடம், மூடி ஒண்ணுதானுங்களே?"

"அப்ப உங்களுக்கு வர்றதுல கஷ்டமில்லையே."

முதலாளிக்கு என் மேல் எரிச்சல். எல்லா வண்டிக்கும் அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும் என்று நின்றார். பட்டனில் மூடும் குப்பை லாரி திருச்சியிலேயே தன்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஆசை. "வண்டி நடுரோட்டுல நின்னா என்னைத்தானே கேப்பீங்க? நான் பாக்காம ஓகே சொல்ல மாட்டேன்" என்றேன். ஆர்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போனது.

3. ஞாயிற்றுக்கிழமை

புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளைச் சேவிக்க வரும் கூட்டம் போனபின் ஸ்ரீரங்கத்தில் என்ன மிஞ்சும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். துளசி மாலை, பூமாலை, சாப்பிட்ட இலை, வாழை மட்டை, தட்டு, டீ கப். பேட்டரி வண்டிகள் தெருத்தெருவாக அள்ளிக்கொண்டு வந்து, மேடை மேலிருந்து லாரிக்குள் கொட்டும். லோடு ஏற்றும் குழுத் தலைவி மலர்க்கொடியும் அவள் ஆட்களும் அதை நிரவி, பாடி விளிம்புக்கு மேலும் ஏற்றிக் குவிப்பார்கள். கோபுரம் கட்டுவது என்றே அதற்குப் பெயர். ஒரே நடையில் முடிந்தால் வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போகலாம். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

அன்றும் கோபுரம் கட்டியிருந்தார்கள். பாய் கேபினில் ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். இரும்புக் கைகள் முனகிக்கொண்டு குவியலை அமுக்கித் தாண்டிப் பின்னால் போயின. வலை மூடிவிட்டது. முதலாளி கை தட்டினார்.

"பாத்தீங்களா மேடம்?"

"திறக்கச் சொல்லுங்க சார். கிடங்குல கொட்டணும்ல?"

பாய் பட்டனை அமுக்கினார். வலை கொஞ்சம் சுருண்டது. அப்புறம் மோட்டார் கத்தியது. பாதியில் நின்றுவிட்டது.

நான் மேடையில் ஏறிப் பார்த்தேன். மாலை கட்டிய வாழை நார் முழுக்க வலைக் கண்களுக்குள் நுழைந்திருந்தது. வலை சுருளும்போது மாலைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், நார் உருளையில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இரும்புக் கை இரண்டும் அந்தரத்தில் நின்றன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"என்ன தம்பி, உங்க மிஷினே மாலை போட்டுக்கிச்சு!" என்றாள் மலர்க்கொடி. அவள் ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள்.

சேல்ஸ் தம்பி வேர்த்துப்போனார். "சின்ன அடைப்புதானுங்க. மேல ஏறி நாரை அறுத்து விட்டா சரியாயிரும்."

கேபின் கதவு திறந்தது. பாய் இறங்கி, ஊன்றுகோலைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு ஏணிக் கம்பியைப் பிடித்தார். யாரும் சொல்லவில்லை. டிரைவர்தானே ஏற வேண்டும்? அந்தப் பழக்கம். நல்ல காலை மேலே வைத்துவிட்டார்.

"பாய்! இறங்குங்க!"

நான் போட்ட சத்தத்தில் மேடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"இல்ல மேடம், ரெண்டு அறுப்பு அறுத்தா..."

"இறங்குங்கன்னேன்!"

இறங்கினார். மலர்க்கொடியின் சிரிப்பும் நின்றுவிட்டது. நான் முதலாளியைப் பார்த்துக் கேட்டேன்: "ஏற வேண்டாம்னுதானே சார் இதை வாங்குறோம்?" பாயின் ஊன்றுகோலை அவரே எடுத்துக் கொடுத்தார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான்.

4. கைப்பிடி

கடைசியில் நாங்கள் மாட்டியதில் மோட்டாரே கிடையாது. வலைக்குப் பதில் வழுவழுப்பான பிவிசி ஷீட். ஒரு விளிம்பு பாடியின் இடது பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும். இன்னொரு விளிம்பில் வண்டி நீளத்துக்கு ஒரு குழாய். பின்பக்கம் தரையில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், குழாய் உருண்டு உருண்டு வலது பக்கம் போய்க் கொக்கிக்குள் உட்காரும். ஷீட் குப்பையைத் தொடாமல் இருக்க, நடுவில் வளைத்த குழாய் ஒன்று. காற்று உள்ளே புகாமல் இருக்க, முன்பக்கம் உயரமான தகரம். இதையும் அதே கோயம்புத்தூர் தம்பிதான் கொண்டுவந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வந்தார், அதைச் சொல்ல வேண்டும்.

முதல் வாரமே பேட்டரி வண்டி இடித்து நடுக்குழாய் நெளிந்தது. தடித்த குழாய் போட்டோம். உருளும் குழாயின் முனையில் நார் சுற்றியது. ரப்பர் மூடி போட்டோம். இதெல்லாம் சில்லறைத் தொந்தரவு. கோபுரம்தான் பெரிய தொந்தரவு. விளிம்புக்கு மேல் ஒரு முழம் ஏறினாலும் இந்த ஷீட் மூடாது. எந்த மூடியும் ஒழுங்காக வேலை செய்யாது. அதுவரை கயிறும் பாயின் காலும்தான் அந்தக் கோபுரத்தைத் தாங்கியிருக்கின்றன.

மலர்க்கொடியிடம் பேசப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"கோபுரம் வேணாம்னா ரெண்டு நடை ஆகும்க்கா. ரெண்டாவது வண்டி வர்ற வரைக்கும் நாங்க வெயில்ல காயணுமா?"

"நேரத்துக்கு வரும். நான் அனுப்புறேன்."

"வரலைன்னா?"

"எனக்குப் போன் போடு. எவ்வளவு வேணா திட்டு."

"பாய் கத்தியோட ஏறினாரே, அப்பவே எனக்குப் பயமாயிருச்சு. மட்டமா ஏத்துறோம். ஆனா போனை எடுக்கணும், சொல்லிட்டேன்."

இரண்டாவது நடைக்கு முதலாளியிடம் தனியாகச் சண்டை போட்டேன். டீசல் என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி என்று முடித்தேன். வண்டி வந்தது. ஒரு தடவை வரவில்லை. மலர்க்கொடி சொன்னபடி போன் போட்டுத் திட்டினாள். நான் சொன்னபடி கேட்டுக்கொண்டேன்.

மூடி வாங்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். கேட்டலாக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊர்க் குப்பையில், கூட்டம் வந்து போன மறுநாள், போட்டுப் பாருங்கள். மூடுவதை மட்டும் பார்த்துவிட்டுக் கை தட்டாதீர்கள், திறக்கவும் சொல்லுங்கள். சிக்கிக்கொண்டால் யார் மேலே ஏறுவார் என்று கேளுங்கள். ஒரு ஆளின் பேர் பதிலாக வந்தால், அதை வாங்காதீர்கள்.

அடுத்த ஆடியில் ஒருநாள் நானே பாய் வண்டியில் கிடங்கு வரை போனேன். ஸ்ரீரங்கத்தில் லோடு முடிந்ததும் அவர் பின்னால் போய் ஒரு கையில் டீயும் ஒரு கையில் கைப்பிடியுமாக நின்று சுற்றினார்.

"என்ன பாய், இட்லிக்கு மாவாட்டுறீங்களா?" என்று மேடையிலிருந்து கத்தினாள் மலர்க்கொடி.

"ஆமா, சட்னிய நீ கொண்டா!"

பாலத்தில் காற்று வண்டியையே தள்ளியது. நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒட்டினாற்போல் ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவர் எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் முந்திப் போனார். அவர் ஹெல்மெட்டில் எதுவும் விழவில்லை.