வலது பக்கம் திரும்பினால் மணலி

நான்காவது முறையாக என் கார் கழுவித் துடைத்து மினுமினுவென்று வந்து நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. மாத்தூர்ப் பக்கம் இருக்கும் சர்வீஸ் சென்டர் அது. சோதித்துப் பார்க்க வண்டியை எடுப்பவர் கேட்டைத் தாண்டியதும் எப்போதும் இடது பக்கம் திரும்புகிறார். அங்கே காலியான, வழவழ ரோடு. ஒரு சுற்றுப் போய் வந்து, "சூப்பரா போவுது சார்!" என்பார். வலது பக்கம் திரும்பினால் மணலி. டேங்கர், கன்டெய்னர், நகராத வரிசை. என் கார் நிற்பதெல்லாம் அங்கேதான். அந்தப் பக்கம் ஒருத்தரும் போனதில்லை.

கோளாறு இதுதான்: சூடேறிய பிறகு ஊர்ந்து போகும்போது இன்ஜின் சத்தமில்லாமல் அணைந்துவிடும். ஸ்டியரிங் இறுகும். பிரேக் முதல் மிதிக்குக் கொஞ்சம் பிடிக்கும், அடுத்த மிதியில் கல்லாய் இறுகிவிடும்.

கல்மண்டபத்தில் இருக்கும் அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். மச்சானுக்குக் கப்பலில் வேலை. இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் ஒருத்தன்தான். ஆனால் போன மாதம் அவளோடு போகும்போது ஒரு டிரெய்லருக்கு முன்னால் வண்டி அணைந்தது. "நான் ஆட்டோல போய்க்கிறேன்டா, நீ பின்னாடியே வா" என்று சொல்லிவிட்டாள். என் பக்கத்து சீட் அன்றிலிருந்து காலி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே கேட்டிலிருந்து வலது பக்கம் திரும்பினேன். மணலி, எர்ணாவூர், எண்ணூர் விரைவுச்சாலை வழியாகக் கல்மண்டபம். சுமார் பதினெட்டு கிலோமீட்டர். சர்வீஸ் சென்டரில் காட்டுவதற்காகப் போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, பக்கத்து சீட்டில் தலையணை வைத்து, அதன்மேல் நிறுத்தி, பெல்ட்டைப் போட்டு இறுக்கினேன்.

பதினொரு மணிக்கு மணலி. சுத்திகரிப்பு ஆலையின் வாடை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வந்துவிடுகிறது. முன்னும் பின்னும் லாரிகள். என் கார் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போட்ட தீப்பெட்டி மாதிரி. "இப்ப ரெண்டாவது கியர். சூடு முள் பாதியில இருக்கு" என்று போனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் முந்தாநாள் சாப்பிட்டது, ஆபீஸில் நடந்தது எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்திருந்தேன். பேச ஆள் கிடைத்து ரொம்ப நாளாயிற்று.

வண்டியோ சமர்த்தாக ஓடியது. 'நின்னு தொலையேன்' என்று வேண்டிக்கொண்டேன். சொந்தக் கார் பழுதாக வேண்டும் என்று வேண்டுகிறவன் இந்த ரோட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எர்ணாவூர் மேம்பாலத்து இறக்கத்தில் வேண்டுதல் பலித்தது. இன்ஜின் அணைந்து, டாஷ்போர்டு விளக்குகள் மொத்தமாக எரிந்தன. முதல் மிதி. இரண்டாவது மிதி, கல். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிய டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். ஒரு முழம் இடைவெளியில் நின்றது.

பின்னால் இருந்த கன்டெய்னர் லாரியின் டிரைவர் இறங்கி வந்தார். லுங்கி, கழுத்தில் துண்டு.

"இன்னா நைனா, வண்டி மல்லாந்துட்சா?"

"நின்னுடுச்சிண்ணே."

ரோட்டில் வண்டி நின்றால் பின்னால் மரக்கொப்பு ஒடித்துப் போடுவது லாரிக்காரர்கள் வழக்கம். அவர் சுற்றிப் பார்த்தார். கொப்புக்கு இங்கே மரமேது? தன் தண்ணீர்க் கேனைக் கொண்டுவந்து என் காருக்குப் பின்னால் வைத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்போலேந்து யார்கிட்ட பேசிகினு வர்றே? ஆளையே காணோம்."

"போன்கிட்டண்ணே."

"போனுக்கு பெல்ட்டா! வூட்ல பொண்ணு பார்க்கச் சொல்லு மாமு" என்று சிரித்தார். வண்டி ஆறிக் கிளம்பும்வரை கூடவே நின்றார். வரிசை நகர்ந்ததும் கேனை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

மதியம் ஒன்றரைக்குக் கல்மண்டபம். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து வண்டியின் முன்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"நான் கட்டின எலுமிச்சம்பழம் எங்கடா?"

"கழுவும்போது எடுத்துட்டாங்க."

"நல்லா கீது! கோளாற விட்டுட்டு பழத்த கழட்டினானுங்களா?"

வஞ்சிரக் குழம்போடு சோறு போட்டாள். வீடியோவைப் பாதிக்கு மேல் பார்க்கவில்லை. "ஆட்டோக்காரர்கிட்ட சொல்லி வச்சிட்டேன், நீ பேஜாராவாத" என்றாள். திரும்பும்போது பக்கத்து சீட்டில் தலையணை மட்டும்.

திங்கட்கிழமை சர்வீஸ் அட்வைசர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"எங்க ஆள் கூட இருக்கும்போது கோளாறு வந்தாதான் சார் ரிப்போர்ட்ல எழுத முடியும்."

"அப்ப நீங்களே வாங்க."

"அந்த ரோட்டுலயா?" டையைத் தளர்த்தினார். "வீட்ல ஒய்ஃப் இருக்காங்க சார்."

"எனக்கு அக்கா இருக்கா சார்."

நான்கு முறை 'வண்டி சேஃப்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். என் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சனிக்கிழமை பத்து மணி" என்றார் மெல்ல.

தலையணையை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். புது எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று. போனுக்காக இறுக்கிய பெல்ட்டை ஒரு மனிதர் அளவுக்குத் தளர்த்தி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை, அவரோடு, வலது பக்கம்.