ஊசிக்காரி செய்த காது

ஊசி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் மாமியார் வாயில். துணி பிழிந்துகொண்டே சொன்னார்: "சின்னவனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போடுறவ. இனி அவனை அடக்க ஆளு வந்தாச்சு."

சின்னவன் என் கொழுந்தன், லாரி ஓட்டுகிறவன். பெற்ற தாயின் கையையே முறுக்கினவன். அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் கை நீளம், அவருடைய அண்ணன் தம்பிகளுக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் தப்பிப் பிறந்தவர். அவருக்குக் கைக்குப் பதிலாக வாய் நீளம்.

அவள் வந்தாள். எனக்கு ஓரகத்தி ஆனாள். பிறந்த வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி இங்கே யாரும் கூப்பிடவில்லை, ஊசி என்றே நிலைத்துவிட்டது. பிரசவ வார்டில் வேலை. ஒரு நாள் பிரசவம் இழுத்துக்கொண்டதில் தாமதமாக வீடு வந்தாள். கொழுந்தன் உள்ளங்கையை விரித்துக் காதோடு சேர்த்து அறைந்தான். ரத்தம் தோள்வரை இறங்கியது. அந்தக் காது அன்றோடு போயிற்று. இன்னொரு நாள் தலையைப் பிடித்து நிலைவாசலில் மோதினான். மற்ற காதும் மந்தமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம், "கதவு இடிச்சிருச்சு" என்றாள்.

பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சமாளித்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது முள் துள்ளுவதைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு உதடு ஏது, முள் ஏது? காது மெஷின் வைத்துப் பார்த்தாள். ஸ்டெதஸ்கோப்பின் குழாயைக் காதில் செருகினால் மெஷினுக்கு இடமில்லை.

ஒரு நாள் ஒரு கர்ப்பிணி வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பின் தட்டை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்திருக்கிறாள். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பிடுங்கிக் கேட்டார். பிள்ளையின் துடிப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள், நீலமாக. பிழைத்துக்கொண்டது.

டாக்டரம்மா கூப்பிட்டு, "உனக்குக் காது கேக்குதா இல்லையா? திங்கட்கிழமை என் முன்னாடி கேட்டுக் காட்டு. இல்லன்னா பிரசவ வார்டு வேண்டாம், துணி வெளுக்கிற பக்கம் போயிடு" என்றார்.

பிரசவ வார்டு நர்சுகளுக்கு மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருப்பு. ஊசிக்கு ஒரு வீடு ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வார்டு போனால் வீடும் போகும். அப்புறம் ஆயுசுக்கும் என் கொழுந்தன் கைக்குள்தான்.

என் பெரியண்ணன் மைக்செட்டு வைத்திருந்தார். அவருடைய பட்டறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். உடைந்த ஆம்ப்ளிஃபயர்களும் ஒயர்ச் சுருள்களுமாக உட்கார இடமில்லாத கொட்டகை. ஊசி தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, தட்டுக்கு மேலே விரலளவு விட்டுக் குழாயை வெட்டினாள். "இந்த ஓட்டைக்குள்ள ஒரு மைக்கைச் செருகுங்கண்ணே. சத்தத்தைப் பெருசாக்கி ஹெட்ஃபோன்ல குடுங்க."

சட்டைக் காலரில் குத்துகிற மைக்கின் உள்ளிருக்கும் பொத்தான் மாதிரித் துண்டைப் பிடுங்கிச் செருகிப் பசை வைத்து அடைத்தார். பழைய டேப்ரெக்கார்டரின் வயிற்றிலிருந்து சத்தத்தைப் பெருக்கும் பலகையைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் வைத்தார். கரண்டில் செருகியதும் கொட்டகையில் உள்ள வண்டெல்லாம் காதுக்குள் புகுந்த மாதிரி ரீங்காரம். பேட்டரிக்கு மாற்றினார்கள். ரீங்காரம் நின்றது. அண்ணன் தன் சட்டையைத் திறந்து தட்டை வைத்துக்கொண்டார். ஹெட்ஃபோனில் ஊசிக்கு ரோமம் உரசுவது கேட்டது, மூச்சு கேட்டது, மத்தியானம் சாப்பிட்டது உருளுவதுகூடக் கேட்டது. நெஞ்சு மட்டும் அடிக்கவில்லை.

"அண்ணே, உங்களுக்கு நெஞ்சே இல்ல போல," என்றாள்.

"அதை உங்க அண்ணி அன்னைக்கே சொல்லிட்டா."

மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், புதுப் பேட்டரி போட்டார். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஊசி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மைக்குல யாராவது பேசும்போது மேடை அதிரும், காத்து மோதும். அந்தக் குமுகுமு சத்தத்தை என்ன பண்ணுவீங்க?"

"வெட்டிருவேன். பேச்சு தெளிவா வரணும்ல. மைக் வாசல்ல சின்ன கண்டென்சர் போட்டா அது உள்ள வராது. அது கை தானா போடுறது, யோசிக்கவே..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வெட்டி எறிந்த அந்தக் குமுகுமுதான் நெஞ்சு. மிளகளவு இருந்த கண்டென்சரைப் பிடுங்கிவிட்டுச் குமுகுமுவையும் உள்ளே விடுகிற மாதிரி சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தார். ஊசி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தட்டைத் தன் நெஞ்சில் வைத்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

அதனால்தான் கொழுந்தன் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் பின்னாலிருந்து கூந்தலைப் பிடித்து ஸ்டூலோடு சாய்த்தான்.

"மூணு நாளா எவன் பட்டறையில உக்காந்திருக்கன்னு ஊரே கேக்குதுடி."

"தம்பி, நான் கூடவே இருக்கேன்," என்றேன்.

"நீங்க தள்ளுங்க அண்ணி. கூட்டிக்கொடுக்கத்தானே வந்தீங்க."

விலாவில் மிதித்தான். டப்பாவின் மேல் ஏறி நின்று குதித்தான். தடுக்க வந்த என் அண்ணனை மைக் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியால் அடித்தான். முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் கம்பியை ஓங்கினபோது ஊசி தரையில் கிடந்தபடியே, சூடாக இருந்த பற்றவைக்கும் கோலை எடுத்தாள். எழுந்து அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். அவன் கத்தக் கத்த எடுக்கவில்லை. சதை பொசுங்கும் நாற்றம் எழுந்தது. கம்பியைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினான். நான் அந்தக் கம்பியை எடுத்து அவன் முதுகில் ஒன்று போட்டேன். இன்னொன்று போட நினைத்தேன், ஆள் எட்டவில்லை.

அண்ணன் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கை வராது, வாய் மட்டும்தான். "அந்தச் சிவப்பு ஒயரு. அதில்லம்மா, பக்கத்துல." ஊசி வீங்கின கண்ணோடு ஒவ்வொரு முனையாகத் தானே பற்றவைத்தாள். தட்டின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாள். விலா வலித்தபோது மட்டும் நிறுத்தினாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னது இது?" என்றார்.

"வீட்டுக்காரரு. கதவு மேல பழி போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு டாக்டர்."

ஊசி ஒரு நிறைமாதக்காரி வயிற்றில் தட்டை வைத்தாள். கரகரவென்று வந்து சத்தம் அறுந்துவிட்டது. மிதிபட்ட பலகையில் எங்கோ விரிசல். டப்பாவைத் திறந்து ஒவ்வொரு இடமாகக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஓரிடத்தில் கரகரப்பு நின்றது. விரலை எடுக்காமலே மறு கையால் தட்டை நகர்த்தினாள். பெரியவர்கள் நெஞ்சைவிட இரட்டிப்பு வேகத்தில் பிள்ளை அடித்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணிச் சொன்னாள். டாக்டரம்மா தன் குழாயில் கேட்டு எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இன்னைக்கே குடியிருப்புக்கு மாறிடு," என்றார்.

கொழுந்தன் விடவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். வார்டு ஆயாக்கள் ஓடி வந்தார்கள். தரை துடைக்கிற கட்டையும் இரும்புப் பெட்பேனும் கையில் இருந்தவை. அவனுடைய முன்பற்கள் படிக்கட்டில் கிடந்தன. அதே ஆஸ்பத்திரியில்தான் அவனுக்குத் தையல் போட்டார்கள். ஊசி போட வேறு நர்ஸ் போனாள்.

அவன் இப்போது சமைத்துப்போட ஆளில்லாமல் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறான், நான்தான் சோறு வைக்கிறேன். ஊசி இப்போது அந்தப் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸ். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில், தனியாக இருக்கிறாள்.