நெஞ்சுக்கு ஒரு பச்சை வண்டு

ஜெர்மனியில் எங்கள் ஹம் நகரில் யார் வீட்டுச் சேதியும் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். நகைக்கடைப் பரமேஸ்வரி அக்கா காலமான சேதியை மட்டும் போன கிழமை ரயிலில் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். அக்கா இருந்திருந்தால், "உனக்குப் பிந்தித் தெரிஞ்சது ஒண்டாவது இருக்கட்டும்" என்று சிரித்திருப்பார்.

அவருடைய கடைக்குப் போன உங்களுக்கெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டி நினைவிருக்கும். தாலிக்கொடிகளுக்கும் அட்டியல்களுக்கும் நடுவில் எகிப்தியப் பருந்து, பாம்பு, பூனை, நீல வண்டு என்று பதக்கங்கள். பெர்லின் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தபின் அக்கா தானே வரைந்து செய்தவை. "நாங்கள் வடிவுக்கு மயில் போடுறம். அவையள் காவலுக்கு ஆள் போட்டிருக்கினம்" என்பார்.

என் மகள் தன் கல்யாணத்துக்கு அந்த நீல வண்டுப் பதக்கம்தான் வேண்டும் என்று நின்றாள். மாப்பிள்ளையின் தாயாரோ கடையில் வைத்தே கேட்டுவிட்டார்: "இது சாணி உருட்டுற வண்டெல்லோ? இதைப் போட்டுக்கொண்டோ மணவறைக்கு வரப்போறா? அப்பிடியெண்டால் நாங்கள் யோசிக்க வேணும்."

மகளின் முகம் கறுத்துவிட்டது. ஊருக்கெல்லாம் வாய்காட்டும் நான், ஒரு காப்பின் விலைச்சீட்டை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அசையவில்லை. "ஓம், சாணி வண்டுதான். அது உருட்டுறதைப் பார்த்துத்தான், காலமையிலை சூரியனையும் ஒரு கடவுள் இப்பிடி உருட்டிக்கொண்டு வாறார் எண்டு அந்தச் சனம் கும்பிட்டது. அதை விடுங்கோ. போன மாசம் புதுவீடு குடிபுக, ஜெர்மன்காரன்ரை பண்ணையிலை சாணி கேட்டு வாங்கிக் காரிலை கொண்டுவந்தது ஆர்?"

"அது பிள்ளையார் பிடிக்க!"

"சாணியிலை பிள்ளையார் பிடிச்சு, அறுகம்புல் குத்திக் கும்பிடலாம். சாணி சுமக்கிறவனைக் கழுத்திலை போட ஏலாதோ?"

சம்பந்தியம்மா அக்காவைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தச் சாணிக் கதையை அக்காவின் காதில் போட்டது வேறு யார்? பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, போடட்டும். வண்டு தாலிக்கு மேலை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கோ."

கல்யாணத்தன்று அக்கா என் கையில் ஒரு சின்னப் பச்சைக்கல் வண்டை வைத்தார். "செத்த ஆக்களின்ரை நெஞ்சிலை எகிப்தியர் இதை வைக்கிறவை. மேலை விசாரணை நடக்கேக்கை சொந்த நெஞ்சே காட்டிக் குடுக்காமல் இருக்க. உன்ரை வாய்க்கு இது கட்டாயம் வேணும்."

நேற்று அவருடைய சவப்பெட்டிக்குள் அதை வைத்துவிடலாம் என்று கொண்டுபோனேன். வைக்கவில்லை. ஹம் முழுக்க விசாரித்துப் பார்த்தவள் நான்; அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. வண்டு என்னிடமே இருக்கிறது.